ஓடுவது பின்புலம், சுற்றுவது தலை

நாகபுரி ஸ்டேஷனில் நம் வண்டி நிற்கிறது. பக்கத்துத் தண்டவாளத்து வண்டி மெல்ல நகர்கிறது. உடனே நாம் புறப்பட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. பிளாட்பாரத்தைப் பார்த்தால்தான் நின்ற இடத்திலேயே இருப்பது தெரிகிறது. விடுமுறைக்கு ஊர் போய்வரும் நம் குடும்பங்களில் இதை அனுபவிக்காதவர் இருக்க முடியாது. ரயில்வேயிலேயே காலம் கழித்த எனக்கும் இது பலமுறை நேர்ந்ததுண்டு.

வீடியோ கேம் விளையாடும்போது சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றுவதற்கும் அடிப்படை இதுதான்.

சிறு பொருள்கள் நகரும், சுற்றுப்புறம் நகராது என்பது மூளையின் கணக்கு. ஆகவே கண்ணெதிரே சுற்றுப்புறம் முழுவதும் ஓடினால், ‘நாம்தான் ஓடுகிறோம்’ என்று அது முடிவுகட்டிவிடுகிறது. எர்னஸ்ட் மாக் என்ற விஞ்ஞானி 1875-லேயே இதை விவரித்திருக்கிறார். இதில் அருகில் உள்ள பொருளைவிடப் பின்புலத்துக்கே செல்வாக்கு அதிகம் என்று 1975-ல் பிராண்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். 1974-ல் லீ, ஆரன்சன் என்ற இருவர், அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தைகளை ஓர் அறையில் நிறுத்திச் சுவர்களை மட்டும் நகர்த்தினார்கள். தரை அசையவில்லை, ஆனாலும் குழந்தைகள் தள்ளாடின, சில விழுந்தன.

ரயில் ஜன்னலில் தந்திக் கம்பம் விரைந்து ஓடும், தூரத்து மலை மெதுவாக நகரும். 1982-ல் வந்த ‘மூன் பேட்ரோல்’ விளையாட்டில் பின்புலத்தை அடுக்கடுக்காக வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டார்கள். இன்றைய விளையாட்டுகளிலோ திரை முழுவதுமே திரும்பிச் சுழல்கிறது. கண் ‘ஓடுகிறோம்’ என்கிறது; உள்காது ‘அசையவில்லை’ என்கிறது. ஒரே வண்டிக்குப் பச்சையும் சிவப்பும் சேர்ந்து விழுந்த கதைதான்! விளைவு, குமட்டல்.

கார் பந்தயம் விளையாடிய என் பேரன், வயிற்றைப் புரட்டுகிறது என்று படுத்துக்கொண்டான். “ஹோம்வொர்க்குக்குச் சாக்கு” என்றார் வீட்டுக்கு வந்திருந்த உறவினர். சாக்கு அல்ல. சிலருக்கு வரும், சிலருக்கு வராது.

செய்ய வேண்டியவை எளியவை. விளக்கைப் போட்டு, திரையை விட்டுத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். அறையின் அசையாத சுவர் கண்ணில் படட்டும். பிளாட்பாரம் செய்யும் உதவியை அது செய்யும். விளையாட்டின் செட்டிங்கில் ‘கேமரா ஷேக்’, ‘மோஷன் பிளர்’ இருந்தால் நிறுத்திவிடலாம். குமட்டல் தொடங்கியதும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். உடனே சைக்கிள் எடுக்க விடாதீர்கள். விளையாடாத நேரத்திலும் தலை சுற்றினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எப்படியானாலும், பிள்ளை சொல்வதை முதலில் நம்புங்கள்.