பாயிரமும் முகவரியும்

சிறப்புப் பாயிரம் எட்டுப் பொருளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். இதனை முப்பது ஆண்டுகளாக மாணாக்கருக்குச் சொல்லி வருகின்றேன். “எழுதியதன் அடியிற் பெயரையும் முகவரியையும் ஒளியாது எழுதுக” என்று என் பங்கிற்கும் ஒரு விதி சேர்த்துச் சொல்வதுண்டு. அவ்விதியைச் சென்ற மாதம் திருத்திக் கொண்டேன். திருத்துவித்தவள் என் பழைய மாணவி.

அவள் இப்போது கணினி நிரல் எழுதுபவள். வெண்பாவிலே தளை தட்டுமிடத்தைக் காட்டும் நிரலொன்றை எவரும் எடுத்தாளும்படி இணையத்தில் வைத்திருக்கிறாள். யான் மகிழ்ந்தேன், அவள் மகிழ்ந்திலள்.

“ஐயா, முன்பின் அறியாதவர்கள் என் மின்னஞ்சலுக்கு வேண்டாத மடல்கள் எழுதுகிறார்கள். எவருக்கும் முகவரி கொடுக்கவில்லை என்றிருந்தேன். ஒவ்வொரு திருத்தத்தோடும் கொடுத்தே வந்திருக்கிறேன்” என்றாள்.

அஃது எவ்வாறு? லினஸ் தோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் ஆக்கிய ‘கிற்’ என்னும் கருவி, நிரலிற் செய்யும் திருத்தங்களைப் பதிந்து வைப்பது. பதிவுதோறும் திருத்தியவர் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் நிற்கும். அவற்றையும் உட்கொண்டே அப்பதிவின் அடையாளக் குறி கணிக்கப்படுகிறது. முகவரியில் ஓரெழுத்து மாறினும் அக்குறி மாறும். அதன்வழி வந்த பதிவுகளின் குறிகளும் மாறும். பிறர் முன்னரே எடுத்த படிகளிலோ பழைய முகவரி அப்படியே இருக்கும். கைவசமுள்ள ஏட்டை அடித்துத் திருத்தலாம். படியெடுத்துப் பல ஊருக்குப் போன ஏட்டை என் செய்வது?

“பிள்ளை, முகவரியே கொடாது விட்டால் என்ன?” என்றேன்.

ஆகாதாம். ‘கிற்ஹப்’ போன்ற தளங்களிற் கணக்குத் திறப்போர் தம் முகவரியை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கென வரும் மடலைத் திறந்து உறுதி செய்தால், அவ்வஞ்சற்பெட்டி அவர் வசம் உள்ளதென்பது தெளிவாகும். அவர் யார், எத்தகையர் என்பது அதனால் விளங்காது. ஆயினும் கடவுச்சொல்லை மறந்தவர் மீள்வதற்கு அப்பெட்டியே வழி. ஆதலின் மெய்ப்பித்தல் வேண்டுவதே.

காவலாளன் அறிதல் வேறு. கடைத்தெரு அறிதல் வேறு. கிற்ஹப் மெய்ம்முகவரியை மறைத்து வைக்க இடந்தருகிறது. பதிவுகளில் இடுதற்கு மடல் பெறாத மாற்று முகவரியொன்றையும் வழங்குகிறது. 2017 யூலை 18இன் பின் தொடங்கிய கணக்குகளில் அஃது ஓர் எண்ணும் பயனர் பெயரும் கூடியது. நாம் வேண்டின், மெய்ம்முகவரி தாங்கி வரும் பதிவுகளை வாயிலிலேயே தடுத்தும் விடும். ஆனால், தளத்தில் மறைத்தால் மட்டும் போதாது. நம் கணினியிலுள்ள கிற்றுக்கும் மாற்று முகவரியைச் சொல்லி வைத்தல் வேண்டும். இச்சிறு செயலை அறியாமையே என் மாணவியின் இடர்க்குக் காரணம்.

யான் எளிதில் விடவில்லை. “பாயிரத்தில் எல்லை என்று ஒன்றுண்டே?” என்றேன்.

“எல்லையாவது நூல் வழங்கும் நிலம் என்று தாங்களே கற்பித்தீர்கள், ஐயா. அது நூலாசிரியனின் வீட்டு வாயில் அன்றே” என்றாள்.

வாயடைத்தேன்.

அவள் விரைவிற் பாடசாலைச் சிறுமியர் சிலருக்கு நிரலெழுதக் கற்பிக்கப் போகிறாள். முதல் நாட் பாடம் நிரல் அன்று, முகவரியாம். என் வகுப்பிலும் விதி மாறிவிட்டது: பெயரைத் தாளின் அடியில் எழுதுக, முகவரியை ஆசிரியரிடம் மட்டும் கூறுக.