பெயர் சொல்லும் பொருள்

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பெயரைப் பற்றி ஒரு கவலையும் கூடவே வந்துவிடுகிறது. பொதுத்தேர்வுக்கான பட்டியலில் பெயர் எந்த எழுத்துகளோடு பதிகிறதோ, சான்றிதழிலும் அப்படியே வரும். பிறகு கல்லூரி, வேலை, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். எனவே இவ்வாண்டு நாங்கள் எல்லோரும் எங்கள் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம். எழுத்தைப் பார்த்தவர்கள் பொருளையும் பார்த்தால் என்ன என்று தோன்றவே, அகராதிகளையும் வரலாற்று நூல்களையும் புரட்டத் தொடங்கினோம். கண்டவற்றுள் சிலவற்றை இம்மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

வெவ்வேறு பெயர்கள் என்று நாம் எண்ணுபவை பல, உண்மையில் ஒரே பெயர்தான். ஐரீன் என்றால் கிரேக்க மொழியில் சமாதானம். ஆகவே ஐரீனும் சாந்தியும் ஒருத்தியே. மார்கரெட் என்றால் முத்து. லூசி, இலத்தீனில் ஒளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவள். அரபு மொழியின் நூரும் நம்முடைய ஜோதியும் அவளுக்கு உடன்பிறப்புகள். ஆக்னஸ் மட்டும் சற்றுக் குறும்புக்காரி. புனித ஆக்னசம்மாளின் படத்தில் ஓர் ஆட்டுக்குட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலத்தீனில் ஆட்டுக்குட்டிக்கு 'ஆக்னுஸ்' என்று பெயர். ஆனால் ஆக்னஸ் என்ற பெயர் பிறந்ததோ 'தூயவள்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து. ஒலி ஒன்றுபோல் இருந்ததால் ஆட்டுக்குட்டி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது!

நம் முன்னோர் புனிதர்களின் பெயர்களைத் தமிழில் இரண்டு வழிகளில் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று, பொருளை எடுத்துக்கொள்வது. பவுலுஸ் என்றால் இலத்தீனில் சிறியவர். எனவே பவுல் நமக்குச் சின்னப்பர் ஆனார். யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது பொருள். அவர் அருளப்பர் ஆனார். மற்றொன்று, ஒலியை மட்டும் எடுத்துக்கொள்வது. சூசையப்பரும் சவேரியாரும் அப்படி வந்தவர்கள். சவேரியாருக்கு அது சொந்தப் பெயர்கூட அல்ல, ஊர்ப் பெயர். நவார் நாட்டில் 1506-இல் அவர் பிறந்த கோட்டைக்குச் சேவியர் என்று பெயர். பாஸ்கு மொழியில் அதற்குப் 'புது வீடு' என்று பொருள். உங்கள் வீட்டில் சவேரியம்மாள் என்று பாட்டி இருந்தால் 'புது வீட்டம்மா' என்று அழைத்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் நாங்கள் பொறுப்பல்ல.

லூர்து, பாத்திமா என்பனவும் ஊர்ப் பெயர்களே. அதிலும் போர்ச்சுகல் நாட்டுப் பாத்திமா என்னும் ஊர், நபிகள் நாயகத்தின் மகளாருடைய அரபுப் பெயரைத் தாங்கி நிற்பது. 1917-இல் மாதா அங்கே காட்சி தந்த பிறகு அதே பெயர் கத்தோலிக்க வீடுகளுக்கும் வந்தது. இன்று முஸ்லிம் தோழியும் கத்தோலிக்கத் தோழியும் ஒரே பெயரோடு ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

பெண்களின் பெயர்களை மட்டும் தனியே பார்க்கத் தொடங்கியபோது எங்கள் சிரிப்பு குறைந்தது. பழைய உரோமையில் பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் தனக்கென ஒரு பெயர் இல்லை. தந்தையின் குலப்பெயரைப் பெண்பாலாக்கி வைத்துவிடுவார்கள். யூலியுஸ் குலத்தவள் யூலியா. துல்லியுஸ் குலத்துச் சிசரோவின் மகள் துல்லியா. செசீலியாவும் அப்படி ஒரு குலப்பெயர்தான். சரி, இரண்டு மகள்கள் பிறந்தால்? மார்க் அந்தோணிக்கும் ஒக்தாவியாவுக்கும் பிறந்த மகள்கள் இருவருக்கும் அந்தோனியா என்றே பெயர். மூத்தவள், இளையவள் என்று அடைமொழி சேர்த்துப் பிரித்தார்கள்.

இதற்கு நேர்மாறாக நடப்பவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டிலுள்ள அக்கான் மக்கள். குழந்தை பிறந்த கிழமையே அங்கே அதன் முதற்பெயர். ஒவ்வொரு கிழமைக்கும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு பெயர்கள் உண்டு. வெள்ளியன்று பிறந்தவன் கோஃபி, பிறந்தவள் அஃபுவா. சனியன்று குவாமே, அமா. வியாழனன்று யாவ், யா. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக 1997 முதல் 2006 வரை இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைப் பிள்ளை. 1900-இல் ஆங்கிலேயரை எதிர்த்து அசாந்தி மக்களின் போருக்குத் தலைமை தாங்கிய அரசி யா அசந்தேவா வியாழக்கிழமைப் பெண். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு இப்பெயர்களும் கடல் கடந்தன. ஜமைக்காவில் ஆங்கிலேயரோடு 1739-இல் உடன்படிக்கை செய்துகொண்ட தலைவர் கஜோவின் பெயருக்குள் திங்கட்கிழமை இருக்கிறது. மகன் வந்தால் பெரிய பெயர், மகள் வந்தால் சிறிய பெயர் என்ற பேச்சே இம்முறையில் இல்லை. எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி நம்மூருக்கு வருவோம். பிச்சை, குப்புசாமி, குப்பம்மாள் என்ற பெயர்களைக் கேட்டுச் சிலர் நகைப்பார்கள். நகைக்கக் கூடாது. முன்னே பிறந்த குழந்தைகள் தவறிப்போன வீட்டில், அடுத்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பதும், பிறரிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்குவதும் வழக்கமாயிருந்தன. மதிப்பில்லாத பொருள் என்று எண்ணிக் காலன் விட்டுவிடுவானாம். மங்கோலிய நாட்டிலும் இதே எண்ணத்தால் நெர்குய் என்று பெயர் வைப்பார்கள். 'பெயரில்லை' என்பது பொருள். பெயர் இழிவானது போல் தோன்றினாலும் அதற்குள் இருப்பது தாயின் அச்சமும் அன்புமே.

போதும்பொண்ணு என்ற பெயரை அதே கணக்கில் சேர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்றுகூடப் பெண் குழந்தைக்குப் பெயர் வைத்த ஊர்கள் உண்டு. அப்படி வைத்தால் அடுத்தது ஆணாய்ப் பிறக்கும் என்பது நம்பிக்கை. சீனாவிலும் சாவ்தி என்று ஒரு பெண் பெயர் இருக்கிறது. 'தம்பியை அழைத்து வா' என்று அர்த்தம். இப்பெயர்களில் பேசப்படுவது அந்தக் குழந்தையைப் பற்றியே அல்ல, இன்னும் பிறக்காத ஒரு பையனைப் பற்றி. ஆசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்து அழைக்கும்போதெல்லாம் அவள் எழுந்து நின்று 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும். நாள்தோறும், பன்னிரண்டு ஆண்டுகள்!

மகாராஷ்டிரத்தில் இதே வழக்கத்துக்கு நகுசா என்று பெயர், மராத்தியில் 'வேண்டாதவள்'. அங்கே சத்தாரா மாவட்ட நிர்வாகம் இப்பெயருள்ள பெண்களைக் கணக்கெடுத்து, 2011 அக்டோபரில் ஒரு விழா நடத்தி, 285 பேருக்குப் புதுப் பெயர் சூட்டிச் சான்றிதழ் கொடுத்தது. சிலர் தெய்வங்களின் பெயர்களையும், சிலர் திரைப்பட நடிகையரின் பெயர்களையும் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். நடிகை பெயரா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். எங்களுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

தமிழ்நாட்டிலும் பெயரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. உரிய சான்றுகளோடும் கட்டணத்தோடும் விண்ணப்பித்தால் அரசிதழில் புதிய பெயரை வெளியிடுவார்கள். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்கு விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவர்கள், முதலில் அந்தப் பெயரை வைத்த பெற்றோரே.