கன்று கொடுத்த கை

காப்பி விளையும் ஊர் என்றாலும் பண்ணைக்காட்டில் டீக்கடைகளுக்குக் குறைவில்லை. ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், விஷயம் கொஞ்சம் நீளம். நல்லது நடக்க வேண்டும் என்று மனதார நினைக்கிற ஒருவர், அதற்கு நேர்மாறானதைத் தன் கையாலேயே வருடக்கணக்கில் செய்துகொண்டிருக்க முடியுமா? முடியும். இந்த மலையின் வாழையைக் கேட்டால் சொல்லும்.

பண்ணைக்காடு இருக்கும் இந்தக் கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி மலைவாழை 1970களில் ஏறக்குறைய 18,000 ஹெக்டேரில் இருந்தது. பின்னாளில் அது 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம், வாங்க ஆளில்லாமல் அழியவில்லை. அழித்தது முடிக்கொத்து நோய். இது ஒரு வைரஸ். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் புள்ளியும் கீற்றுமாக ஓடும். புது இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இளசிலேயே பிடித்துவிட்டால் குலை தள்ளாது. குணமாக்க மருந்து கிடையாது. பரவும் வழி இரண்டு: இலையுறைக்குள் ஒளிந்து சாறு குடிக்கும் அசுவினிப் பூச்சி ஒன்று, நாம் தோண்டி நடும் பக்கக்கன்று இன்னொன்று.

பூச்சியைக் கொஞ்ச நேரம் விடுங்கள். கன்றைப் பார்ப்போம். நன்றாகக் காய்த்த தூரைக் கண்ணால் குறித்துவைத்து, மழை இறங்கியதும் அதிலிருந்து கன்று எடுத்து நடுவது பழைய வழக்கம். மச்சான் கேட்டால் நாலு கன்று, சம்பந்தி கேட்டால் நாலு. இதை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல தாயிலிருந்து நல்ல கன்று என்பது தலைமுறை தலைமுறையாகச் சரியாகவே பலன் கொடுத்த முறை. வைரஸ் வந்த பிறகுதான் கணக்கு மாறியது. நோய் தொற்றிய தூர் அறிகுறி காட்டாமல் சில காலம் செழிப்பாகவே நிற்கும், ஆனால் அதன் கன்றில் வைரஸ் இருக்கும். அதே கை, அதே பிரியம். போய்ச் சேர்ந்தது மட்டும் நோய்.

பழக்கம் என்பது இதுதான். அது ஒரு காலத்து நல்லெண்ணத்தின் மிச்சம். அன்றைக்கு யோசித்து எடுத்த முடிவு, இன்றைக்கு யோசிக்காமலே நடக்கிறது. மழை பெய்த மறுநாள், கையில் மண்வெட்டி, எதிரே கொழுத்த தூர்: இவை மூன்றும் சேர்ந்தால் போதும், கை தானாகக் குனியும். அங்கே முடிவெடுக்க ஒருவரும் இல்லை.

எண்ணம் இருக்கிற இடம் வேறு. இதே மலையில், தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதுபோன்ற இடத்தில் நிபுணர் பேசக் கேட்டு ஒரு விவசாயி தலையாட்டினால், அந்தத் தலையாட்டலில் பொய் இல்லை. ஆனால் தலையாட்டியது கூடத்தில், கன்று நிற்பது தோட்டத்தில். 2002-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவை அப்படியே விட்டார்கள். இன்னொரு பிரிவுக்கு உடற்பயிற்சியால் இதயத்துக்கு வரும் நன்மையைப் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவு அதையும் படித்தது, கூடவே எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதியும் வைத்தது. ஒரு வாரத்தில் ஒருமுறையாவது உடற்பயிற்சி செய்தவர்கள் முறையே 38, 35, 91 சதவீதம். நன்மையைப் படித்த பிரிவுக்கு ஆசை கூடியது உண்மை, கால் மட்டும் நகரவில்லை. ‘இன்னதைக் கண்டால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பதன் பலத்தை கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இலேயே விரித்து எழுதியிருந்தார்.

அந்த முடிச்சை வாழைக்குப் போட்டுப் பாருங்கள். ‘நோய் வராமல் பார்த்துக்கொள்வேன்’ என்பது வெறும் ஆசை. ‘வாழையோடு நிற்கும் காப்பிக்குக் கவாத்து செய்யப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு வாழையின் குருத்தையும் அண்ணாந்து பார்ப்பேன். கொத்தாக நின்றால் அன்றைக்கே முதலில் பூச்சிக்கு மருந்து அடித்து, அப்புறம் கிழங்கோடு தோண்டி அழிப்பேன்’ என்பது முடிச்சு.

இதில் வரிசைதான் உயிர். பழகிய கை முதலில் அரிவாளைத்தான் எடுக்கும். வெட்டிச் சாய்த்ததும் மரம் வாடும், அசுவினிகள் பக்கத்து வாழையைத் தேடிப் போகும், வைரஸும் கூடவே போகும். மண்ணில் விட்ட கிழங்கு மறுபடி துளிர்க்கும், அதே நோயோடு. நோயை ஒழித்துவிட்டோம் என்று நிம்மதியாக வீடு திரும்பும் அந்த மனிதருக்கு எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. வேலைகளின் வரிசை மட்டும் பழையது.

வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகள் இந்த மலைக்கு வந்தது பெரிய உதவி. தூரில் கன்று தோண்டும் அந்தத் தருணத்தையே அவை இல்லாமல் ஆக்குகின்றன. ஆனால் அவற்றுக்கும் எதிர்ப்புச் சக்தி கிடையாது, அசுவினி வந்தால் தொற்றும். நட்டதில் நாலு பட்டுப்போய் இடைவெளி விழுந்தால், நிரப்பக் கை எங்கே போகும் என்பதும் தெரிந்ததே.

ஆஸ்திரேலியாவில் 1920களில் இதே நோய் வாழைத் தொழிலையே படுக்கவைத்தது. வைரஸ் அசுவினி வழியும் நடவுக் கன்று வழியும் பரவுகிறது என்று மேகி என்ற ஆராய்ச்சியாளர் கண்டறிந்த பிறகு, அனுமதியின்றிக் கன்று நடக்கூடாது, தோட்டங்களைத் தவறாமல் சோதிக்க வேண்டும், நோய்கண்டதை அழித்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். தொழில் எழுந்து நின்றது. தனி ஆளின் மனஉறுதியை அவர்கள் நம்பி உட்காரவில்லை.

நம் சரிவுகளில் ஆளில்லாமல் கிடக்கும் தோட்டங்களுக்குள் சட்டம் ஏறிவருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதைவிட, கன்று பரிமாறிக்கொண்ட உறவுகளையே பிடிக்கலாம் என்று தோன்றுகிறது. எந்தத் தூரிலிருந்து எந்த வீட்டுக்குக் கன்று போனது என்பது பெரியவர்களின் நினைவில் இருக்கும். நோய் கண்ட தோட்டத்துக்காரர், கன்று வாங்கிப்போன மச்சானையும் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு முதலில் அவர்கள் தோட்டத்துக் குருத்துகளைப் பார்க்கப் போகலாம்.