உங்களுக்குத் தெரியுமா? சீட்டைத் தாழ்த்தினால் கால் எட்டும்!

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக்கின் சீட் உயரம் 825 மி.மீ. தாழ்வான சீட்டைத் தனியாக வாங்கிப் பொருத்தினால் 805 மி.மீ. ஆகக் குறையும். உயரம் குறைந்தவர் காலூன்றி நிற்க இந்த 20 மி.மீ. பெரிய உதவி.

● சீட்டை மட்டும் மாற்றினால், வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையிலுள்ள 230 மி.மீ. இடைவெளி குறையாது.

● சீட்டின் முன்பகுதி ஒடுக்கமாக இருந்தால், அதே உயரத்திலேயே கால் இன்னும் நன்றாக எட்டும்.

● பின் சஸ்பென்ஷனை இணைக்கும் லிங்க்கை மாற்றி அதைத் தாழ்த்தினால், முன் ஃபோர்க்கையும் ஈடாகத் தாழ்த்த வேண்டும். சைடு ஸ்டாண்டையும் குட்டையாக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று, லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாயும்.

ஆகவே, முதலில் சீட்டை மாற்றுங்கள். அதிலும் கால் எட்டாவிட்டால் மட்டும் சஸ்பென்ஷனில் கைவையுங்கள்.