விமானத்தில் பாப்பா ஏன் அழுதது?

நான் இதுவரை விமானத்தில் ஏறியது இல்லை. திருச்சி ஏர்போர்ட் வாசல் வரைதான் போயிருக்கிறேன். ஆனால் என் அக்கா ஆறு மாதப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு 2025 மே மாதம் தனியாக சிங்கப்பூர் போய் வந்தாள். மாமாவுக்கு அங்கே வேலை. பாப்பா பிறந்தபோது லீவு கிடைக்கவில்லை, போனில்தான் முகம் பார்த்தார். அதனால்தான் இந்தப் பயணம். அக்கா சொன்னதையும் அறிவியல் டீச்சரிடம் நான் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நம் வகுப்புகளில் வெளிநாட்டில் அப்பாவோ மாமாவோ இருப்பவர்கள் நிறைய பேர். யாருக்காவது உதவும்.

அக்கா போனது குறைந்த கட்டண விமானம். நம் நாட்டில் 2003-ல் கேப்டன் கோபிநாத் ‘ஏர் டெக்கான்’ என்று ஆரம்பித்தாரே, அந்த மாதிரி. (‘சூரரைப் போற்று’ படம் அவர் கதையைத் தழுவியதுதான்.) இதில் டிக்கெட் விலை குறைவு. ஆனால் சாப்பாடு, கூடுதல் லக்கேஜ், பிடித்த சீட் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு.

இரண்டு வயது முடியாத குழந்தைக்குச் சீட் கிடையாது, அம்மா மடிதான். அதற்கும் சும்மா விடமாட்டார்கள், பணம் கட்ட வேண்டும். வெளிநாடு என்றால் கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். போட்டோவில் கண் திறந்திருக்கணும் என்றார்கள். எங்கள் பாப்பா ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் தூங்கித் தீர்த்தது! கைப்பையில் 100 மில்லிக்கு மேல் தண்ணீர், எண்ணெய் எதுவும் கொண்டுபோகக் கூடாது. குழந்தைக்கான பாலுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு உண்டு.

உள்ளே போனதும் ஒரு குட்டி பெல்ட் தந்தார்களாம். அதை அம்மாவின் பெல்ட்டில் கோத்துப் பாப்பாவுக்குப் போட வேண்டும். தலைக்கு மேலே ஆக்சிஜன் மாஸ்க் இருக்கும். பொதுவாக மூன்று சீட்டுக்கு நான்கு மாஸ்க். அந்த நாலாவது மடிக்குழந்தைக்கு. அதனால்தான் ஒரே வரிசையில் இரண்டு கைக்குழந்தைகளை உட்கார வைப்பதில்லை. மாஸ்க் கீழே விழுந்தால் முதலில் அம்மா மாட்டிக்கொண்டு பிறகுதான் குழந்தைக்கு மாட்டணுமாம். அக்கா, “எனக்கு மனசே ஒப்பலடி” என்றாள். டீச்சரிடம் கேட்டேன். 35,000 அடி உயரத்தில் விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் அரை நிமிடம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம்தான் நமக்குத் தெளிவு இருக்கும். அம்மா மயங்கிவிட்டால் பாப்பாவுக்கு யார் மாட்டுவது?

இனி முக்கியமான விஷயம். விமானம் ஏறும்போது அக்கா பாப்பாவுக்கு வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டாள். அது நன்றாகத் தூங்கியது. நான்கு மணி நேரப் பயணம். சிங்கப்பூரில் இறங்க ஆரம்பித்ததும் வீல் வீல் என்று ஒரே அழுகை. பால் கொடுத்தால் வாயைத் திருப்பிக்கொண்டது. முன் சீட்டில் ஒருவர் திரும்பி, “புள்ளைய அடக்கத் தெரியாதா?” என்றாராம். அக்காவும் அழுதுவிட்டாள்.

பாப்பா பிடிவாதத்தில் அழவில்லை, காதுவலியில் அழுதது. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் காற்றழுத்தத்தைத்தான் வைப்பார்கள். அதாவது கொடைக்கானல், ஊட்டி மாதிரி. டூரில் மலை இறங்கும்போது நமக்குக் காது அடைத்ததே, அதேதான். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்று, தொண்டைக்குப் போகும் யூஸ்டேஷியன் குழல் வழியாக வந்து போகும். ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று சுலபமாக வெளியே வந்துவிடும். இறங்கும்போது வெளியே அழுத்தம் கூடி செவிப்பறையை உள்ளே தள்ளும். குழல் தானாகத் திறக்காது, எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் திறக்கும். குழந்தைகளுக்கு அந்தக் குழல் சின்னது, ஒடுங்கியது. விழுங்கு என்று சொன்னாலும் புரியாது. சளி இருந்தால் இன்னும் கஷ்டம், டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இதற்குச் சாட்சி அக்கா பையிலேயே இருந்தது. மேலே பறக்கும்போது தண்ணீரைக் குடித்துவிட்டு மூடி வைத்த காலி பாட்டில், இறங்கிப் பார்த்தால் யாரோ கையால் நசுக்கியது போல் இருந்ததாம்.

இதையெல்லாம் நான் போனில் சொன்னதும் அக்கா, “ஏன்டி, இத முன்னாடியே கேட்டுச் சொல்லக்கூடாதா?” என்று திட்டினாள். நான்கு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது, ஏறுகையில் கொஞ்சம்தான் பால் கொடுத்தாள். இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு அறிவிப்பு வந்ததும் பாப்பாவை எழுப்பி, தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பால் கொடுத்தாள். சக்கரம் தரையைத் தொடும்வரை குடித்துக்கொண்டே இருந்ததாம். நாங்கள் வாசலில் காத்திருந்தோம். பாப்பா சிரித்துக்கொண்டே வந்தது. அக்காதான் மாமாவை விட்டுவிட்டு வந்ததில் முகம் வீங்கி இருந்தாள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி