தேர்தற் கணிப்பு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் பழமொழி. தேர்தல் முடிவை முன்னரே கணித்துக் கூறுவோர் கைக்கொள்ளும் முறையும் இதுவே. கோடிக்கணக்கான வாக்காளருள் சில ஆயிரவரை வினவி, அவர்தம் விடையினின்றும் நாட்டின் கருத்தை உய்த்துணர்கின்றனர். இம்முறை எத்துணை நம்பத்தக்கது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தஞ்சைப் பகுதியில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைக் கண்டோர்க்கு இதனை விளக்குதல் எளிது. குவியல் முழுவதையும் எவரும் சோதிப்பதில்லை. சிறிதளவு நெல்லை எடுத்து ஈரப்பதம் அளக்கின்றனர். வெயிலில் உலர்ந்த மேற்புறத்தினின்று மட்டும் அள்ளின், கருவி பழுதற்றதாயினும் அளவு பொய்க்கும். எத்தனை முறை அள்ளினும் பயனில்லை. 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ்க்கு நேர்ந்ததும் இதுவே. ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டைகள் விடுத்து, 20 இலட்சத்திற்கு மேற்பட்ட விடைகளைப் பெற்றும், லாண்டன் வெல்வாரென்று அது கூறிற்று. வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களே பெரிதும் அதன் குவியல் மேற்புறமாயின. கேலப் என்பாரோ மிகச் சிலரையே வினவி உண்மையை உரைத்தார்.

நிற்க. நன்கு கலந்து அள்ளினும் வேறோர் இடர் உண்டு. ஆயிரம் பேரை முறையாகத் தெரிந்து வினவினும், விடை நூற்றுக்கு மூன்று கூடவோ குறையவோ கூடும். அதனை ஒன்றாகக் குறைக்க ஏறத்தாழப் பதினாயிரவர் வேண்டும். இனி, வாக்கு வேறு, இடம் வேறு. 2016-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கும் தி.மு.க. கூட்டணிக்கும் இடையிருந்த வாக்கு வேற்றுமை நூற்றுக்கு ஒன்றளவே. இடங்களோ 134-உம் 98-உம். தி.மு.க. கூட்டணிக்கு 124 முதல் 140 வரை கிடைக்குமென 'ஆக்ஸிஸ் மை இந்தியா' கூறிற்று, அ.தி.மு.க.வுக்கு 139 என்றது 'சி-வோட்டர்'. பின்னையதன் வெற்றி கூர்மையால் வந்ததோ நற்பேற்றால் வந்ததோ, ஒரு தேர்தலைக் கொண்டு துணிதல் அரிது. இத்துணை நெருங்கிய போட்டியில் தேநீர்க் கடையில் வாதிடுவோருள்ளும் பாதிப்பேர் வென்றேயிருப்பர்!

நாடாளுமன்றத் தேர்தலைக் கொண்டு சட்டமன்றத் தேர்தலைக் கணிப்பதும் இடர்ப்பாடுடையது. 1980 சனவரியில் இந்திரா காங்கிரசும் தி.மு.க.வும் கூடித் தமிழ்நாட்டின் 39 இடங்களுள் 37-ஐ வென்றன. அவ்வாண்டு மே மாதத்திலேயே அதே மக்கள் 234-இல் 129 இடங்களை அ.தி.மு.க.வுக்கு அளித்து எம்.ஜி.இராமச்சந்திரனை மீண்டும் முதலமைச்சராக்கினர். ஜனவரியில் வினவப்பட்டோர் பொய் கூறினரென்று யாரே சொல்ல வல்லார்? வினா வேறு, ஆதலின் விடையும் வேறாயிற்று.

ஆயினும், விடையே மெய்யாக வாராதவிடத்து எக்கணிதமும் உதவாது. 2016 மே 16-இல் தமிழகம் வாக்களித்தபோது தஞ்சாவூர்த் தொகுதியும் அரவக்குறிச்சியும் வாக்களிக்கவில்லை. வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்டமைக்குச் சான்றுண்டெனத் தேர்தல் ஆணையம் அவ்விரண்டின் தேர்தலையும் நிறுத்திவிட்டது. பணம் பெற்றான் ஒருவன், வாக்குச் சாவடி வாயிலில் ஏடும் எழுதுகோலுமாய் நிற்கும் முன்பின் அறியாதவர்க்கு என்ன விடை கூறுவான்? பெற்ற பக்கத்தையே கூறுவானோ, அஞ்சி வாளா இருப்பானோ, கணிப்போர் அறியார். இவ்விரு தொகுதிகளிலும் நவம்பர் 19-இல் தேர்தல் நடைபெற, இரண்டையும் அ.தி.மு.க. வென்றது.