கல்லும் கண்ணும் – 9: குஷன் கட் வைரம்... காசு எடைக்கா, அழகுக்கா?

ஆரணிக்கும் போளூருக்கும் இடையில், வடமாதிமங்கலத்தை ஒட்டி இருக்கிறது திருமலை. குகைகள், சுவரோவியங்கள், தமிழகத்திலேயே உயரமான நேமிநாதர் சிலை என்று சமணத் தலமாகப் பெயர் பெற்ற ஊர். வைரத் தொடரில் திருமலைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அங்கே ஒரு கோயில், ராஜராஜ சோழனின் அக்காள் பெயரைத் தாங்கி நிற்கிறது: குந்தவை ஜினாலயம். ராஜேந்திர சோழன் காலத்தில் சாமுண்டப்பை என்ற வணிகர் மனைவி, இந்தக் கோயிலில் விளக்கெரிக்கப் பொருள் கொடுத்ததைத் திருமலைக் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது.

அதே குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளும் கல்வெட்டில் ஏறியிருக்கின்றன. தஞ்சைக் கல்வெட்டுகள் ‘இன்ன நகை, இத்தனை வயிரம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. விளிம்பு மழுங்கிய மட்டத்தாரை எத்தனை, தட்டையான சப்படி எத்தனை, எதில் வெடிப்பு, எதில் சிவப்புப் புள்ளி, எதில் கரும்புள்ளி, மொத்த எடை எத்தனை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கணக்கு போகிறது. கடவுளுக்குக் கொடுத்த கல்லானாலும் குறையை மறைக்கவில்லை. இன்றைய சான்றிதழ் செய்கிற வேலையை அன்று கருங்கல் செய்தது.

கவனித்தால் ஒன்று தெரியும். அந்தப் பட்டியலில் கல்லின் வடிவம் உண்டு, எடை உண்டு, குறை உண்டு. ‘எவ்வளவு நன்றாக வெட்டப்பட்டது’ என்ற பேச்சு இல்லை. அன்றைக்கு வைரத்தைப் பட்டை தீட்டுவது இன்றுபோல் வளர்ந்திருக்கவில்லை. மண்ணிலிருந்து வந்த உருவத்தை ஒட்டியே கல் நகைக்குப் போனது. ஆயிரம் ஆண்டு கழித்து, நம் ஊர்க் கடைகளில் விற்கிற குஷன் கட் வைரத்தின் சான்றிதழிலும் பெரும்பாலும் அதே வரிதான் இல்லை. எப்படி என்று பார்ப்போம்.

கோட்டையில் படிந்த பேரம்

வட்டம் தவிர்த்த எல்லா வடிவங்களையும் கடைக்காரர்கள் ‘ஃபேன்ஸி’ என்ற ஒரே பெயரில் அடக்குவார்கள். ஓவல், பேர், மார்க்கீஸ், எமரால்டு, பிரின்சஸ், குஷன் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இவற்றில் குஷனுக்கு வயது அதிகம். சதுரமோ, கொஞ்சம் நீண்ட சதுரமோ. மூலைகள் உருண்டு, பக்கங்கள் லேசாக வெளியே பிதுங்கி இருக்கும். உலகம் அறிந்த குஷன்களில் தலையாய ஒன்று, சென்னையில் கைமாறிய கல்.

1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவர் தாமஸ் பிட். கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்த, சுமார் 410 காரட் எடையுள்ள முரட்டு வைரத்தை ஜாம்சந்த் என்ற வியாபாரி அவரிடம் கொண்டுவந்தார். இரண்டு லட்சம் வராகனில் தொடங்கிய பேரம், நாள்கணக்கில் இழுபட்டு, 1702 வாக்கில் 48,000 வராகனுக்குப் படிந்தது. பிட் அதைத் தன் மகனிடம் கொடுத்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே அதை வெட்டி முடிக்க இரண்டு ஆண்டு ஆனது. கடைசியில் கையில் மிஞ்சிய பெரிய கல் 140.64 காரட். மூன்றில் இரண்டு பங்கு எடை போயிற்று.

எடை போனதற்காக யாரும் அழவில்லை. 1717-ல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஓர்லியன்ஸ் கோமகன் அதை 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். பிட் கொடுத்த விலையைப்போல ஆறு மடங்குக்கும் மேல். ‘ரீஜன்ட்’ என்ற பெயரில் அது பதினைந்தாம் லூயியின் கிரீடத்தில் ஏறியது. நெப்போலியனின் வாளில் பதிந்தது. 1887-ல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒளிக்காக எடையைத் துணிந்து இழந்த கல் அது.

கல்லின் உடம்பு

இன்றைய குஷனின் கதை பெரும்பாலும் நேர்மாறானது. அதைப் புரிந்துகொள்ள முரட்டு வைரத்தின் உருவத்தை மனதில் கொண்டுவர வேண்டும். நல்ல வைரப் படிகம், இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியதுபோல எட்டு முகத்தோடு இருக்கும். நடுவில் குறுக்கே அறுத்தால் கிடைப்பது சதுரம். சதுரத்திலிருந்து வட்டம் எடுக்க வேண்டுமென்றால் நாலு மூலையும் போக வேண்டும். வட்ட வைரம் செய்வதில் முரட்டுக் கல்லின் எடையில் பாதிக்கு மேல் பொடியாகிப் போவது சகஜம். குஷனில் மூலையை உருட்டினால் போதும். சூரத் பட்டறைக்காரருக்கு மிச்சமாகும் ஒவ்வொரு சென்ட்டும் காசு. அதனால்தான் அதே எடை, அதே நிறம், அதே தெளிவு உள்ள வட்டத்தைவிடக் குஷனின் காரட் விலை குறைவாக இருக்கிறது.

விலை குறைவு மட்டுமே ஈர்ப்பு என்றால் அது கல்லுக்குச் செய்யும் அநியாயம். பழைய குஷன்கள் மின்சாரம் வருவதற்கு முந்திய காலத்தவை. உயரமான மேல்பாகம், சின்ன மேல்தட்டு, பெரிய பெரிய பட்டைகள். குத்துவிளக்குச் சுடரில் அவை படபடவென்று மின்னாது. நிதானமாக, அகலமான ஒளித்துண்டுகளாகத் திரும்பித் திரும்பிப் பளிச்சிடும். 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி வட்ட வைரத்துக்கான கோணங்களைக் கணக்குப் போட்டு வெளியிட்ட பிறகு உலகமே வட்டத்தின் பக்கம் சாய்ந்தது. இப்போது குஷன் மறுபடி தலையெடுத்திருப்பதில் அந்தப் பழைய சாயலுக்கு முக்கியப் பங்கு உண்டு. கூர்மூலை இல்லாததால் பிரின்சஸ் கட்டைப்போல மூலை உடையும் பயமும் குறைவு. மஞ்சள் போன்ற நிற வைரங்களில் நிறத்தைத் திரட்டிக் காட்டும் குணமும் குஷனுக்கு உண்டு. அதே குணம் வெள்ளைக் கல்லில் எதிராகத் திரும்பும்: வட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத லேசான மஞ்சள், குஷனில் தெரிந்துவிடும். வட்டத்துக்கு ‘எச்’ நிறம் போதும் என்பவர்கள், குஷனுக்கு ஒரு படி மேலே ‘ஜி’ பார்ப்பது நல்லது.

இன்னொரு விஷயம், குஷன் என்று ஒரே பெயரில் இரண்டு ரகம் விற்கிறது. பெரிய பட்டைகளோடு கட்டம் கட்டமாக ஒளிர்வது ஒன்று. அடிப்பாகத்தில் கூடுதல் பட்டை வெட்டி, பொடிப் பொடியாக மினுக்குவது இன்னொன்று. பின்னதை வியாபாரத்தில் ‘க்ரஷ்டு ஐஸ்’ என்பார்கள். சான்றிதழில் முதல் ரகம் ‘குஷன் பிரில்லியன்ட்’ என்றும், இரண்டாவது ‘குஷன் மாடிஃபைட் பிரில்லியன்ட்’ என்றும் வருவதுதான் வழக்கம். பொடி மினுக்கு உள்ளே இருக்கும் சின்னக் குறைகளை மறைக்கும். பெரிய பட்டை காட்டிக்கொடுக்கும். எது உசத்தி என்று கேட்டால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

சான்றிதழில் இல்லாத வரி

வட்டக் கல்லுக்கு ஜி.ஐ.ஏ. ஆய்வகம் 2006 முதல் வெட்டின் தரத்தையும் எழுதுகிறது. வெட்டு, பாலிஷ், சிமெட்ரி மூன்றும் ‘எக்ஸலன்ட்’ என்றால் கடையில் ‘ட்ரிபிள் எக்ஸ்’ என்பார்கள். குஷனுக்கு ஜி.ஐ.ஏ. அறிக்கையில் பாலிஷும் சிமெட்ரியும் மட்டும் இருக்கும்; வெட்டின் தரம் என்ற வரி இருக்காது. வேறு சில ஆய்வகங்கள் எழுதினாலும், எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. “அம்மா, இது டபுள் எக்ஸ், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குங்க” என்று விற்பனையாளர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. பாலிஷ் பிரமாதம், பட்டைகள் ஒழுங்கு என்பதோடு அவர் வாக்கு முடிகிறது. ஒளி மேலே திரும்புகிறதா, அடிவழியே ஒழுகிப் போகிறதா என்பதற்கு அந்த இரண்டு எக்ஸும் சாட்சி அல்ல.

பட்டு நெய்கிற ஆரணிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. சில்க் மார்க் முத்திரை இருந்தால் சேலை சுத்தப் பட்டு என்பது உறுதி. கரையும் உடலும் சேர்கிறதா, முந்தி எடுப்பாக இருக்கிறதா என்பதை முத்திரை சொல்லாது. அதற்குச் சேலையைப் பிரித்து, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம். குஷனுக்கும் அதுதான் சோதனை. நகைக்கடை விளக்குகள் கண்ணாடித் துண்டையும் ஜொலிக்க வைக்கும். கல்லை நிழலான பகல் வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். மெல்ல அசையுங்கள். நடுவில் தூங்கி வழிகிற வெறும் கண்ணாடிபோல் ஓர் இடம் தெரிகிறதா? உதிரிக் கல்லாக இருந்தால் அச்செழுத்தின் மேல் கவிழ்க்காமல் வையுங்கள். மேல்தட்டு வழியே எழுத்தைப் படிக்க முடிந்தால், அங்கே ஒளி ஒழுகுகிறது. நீண்ட குஷனில் நடுவே குறுக்காக வண்ணத்துப்பூச்சி வடிவில் இருட்டு விழும். லேசாக இருந்தால் பரவாயில்லை. அசைத்தும் போகாத இருட்டென்றால் வேண்டாம்.

அடுத்தது, எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்ற கேள்வி. நன்றாக வெட்டிய ஒரு காரட் வட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர் குறுக்களவு காட்டும். ஒரு காரட் சதுரக் குஷன் பக்கத்துக்கு 5.5 மில்லிமீட்டர் இருந்தாலே சரி. மேலிருந்து தெரியும் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. மிச்ச எடை கல்லின் வயிற்றில் இருக்கிறது. சான்றிதழில் ஆழம் 70 சதவீதத்தைத் தாண்டினால், யாரும் பார்க்க முடியாத இடத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். விலை மலிவு என்று கிடைத்த லாபம் அங்கேயே கரைந்துவிடும். ஆகவே ‘எத்தனை சென்ட்?’ என்று கேட்கிற நாம், குஷனுக்கு ‘எத்தனை மில்லிமீட்டர்?’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம் நகைக்குப் பொருந்துமா?

தமிழ்நாட்டு வீடுகளில் வைரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏழுகல் தோடு. அப்புறம் மூக்குத்தி, பேசரி. ஏழுகல்லில் நடுக்கல்லைச் சுற்றி ஆறு கல் பூவாக நெருங்கி உட்கார வேண்டும். வட்டத்துக்குத்தான் அந்த வேலை சுலபம். குஷனை வைத்து அந்தப் பூவைக் கட்டினால் இடைவெளி பல்லிளிக்கும். ஒற்றைக்கல் தோட்டுக்குக் குஷன் அழகுதான், ஆனால் ஜோடி சேர்ப்பது லேசில்லை. எடை, நிறம், தெளிவோடு நீள அகல விகிதமும் ஒளிர்கிற ரகமும் பொருந்த வேண்டும். ஒரு காதில் கட்டம் கட்டமாகவும் மறு காதில் பொடிப் பொடியாகவும் மின்னினால், எதிரே உட்கார்ந்து பேசுபவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்தக் காலத் தோடுகள்போல அடியை மூடிக் கட்டினால் குஷன் உயிரிழக்கும். இதற்கு அடி திறந்த ஓபன் செட்டிங்தான் சரி. மோதிரத்துக்கும் டாலருக்கும் ஒற்றைக் குஷன் கச்சிதம்.

வைரத்தை மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்க்கிற வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. ராசியில் நம்பிக்கை உண்டோ இல்லையோ, அந்த மூன்று நாளை வீணாக்காதீர்கள். காலை வெயில், மேகமூட்டம், டியூப்லைட், பூஜையறை விளக்கு என்று எல்லா வெளிச்சத்திலும் கல்லைப் பார்த்துவிடுங்கள். எதில் உயிரோடு இருக்கிறது, எதில் செத்துக் கிடக்கிறது என்பது விளங்கிவிடும். கடைக்காரர் கல்லை வீட்டுக்குக் கொடுக்க மறுத்தால், குறைந்தபட்சம் கடை வாசல்வரையாவது வரச் சொல்லுங்கள்.

வாங்குவது என்று முடிவானால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, சான்றிதழ் எண்ணும் கல்லின் இடுப்பில் லேசரில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று லென்ஸில் சரிபாருங்கள். இரண்டு, நிலத்தில் விளைந்ததா, ஆய்வகத்தில் விளைந்ததா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டும் வைரமே, விலைதான் வேறு. ஆய்வக வைர ஆராய்ச்சிக்காக சென்னை ஐ.ஐ.டி.க்கு மத்திய அரசு ஐந்தாண்டுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கும் காலம் இது. நில வைரத்தையும் ஆய்வக வைரத்தையும் வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. மூன்று, திரும்பக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வட்டத்தை எடுக்கிற ஆர்வம் ஃபேன்ஸி கல்லுக்கு எல்லாக் கடையிலும் இருக்காது.

சேமிப்பு என்று நினைத்து வாங்குபவர்களுக்குக் குஷன் ஏற்றதல்ல. போட்டு அழகு பார்க்க, அதுவும் கண்ணுக்குப் பிடித்த பிறகு வாங்குகிறவர்களுக்கு, கொடுக்கிற காசுக்கு வட்டத்தைவிடப் பெரிய சந்தோஷம் தரக்கூடிய கல் அது. சான்றிதழைப் படியுங்கள், தீர்ப்பை மட்டும் நீங்களே எழுதுங்கள்.

(தொடரும்)